பூபதிராஜா பெயரில் ஒரு வேலை

மூணாறு
4 ஆகஸ்ட் 2025

கௌரி டீச்சருக்கு,

தமிழ்ப்ரியா எழுதுகிறேன். உங்கள் எண்ணை ஜூன் மாதமே என் போனில் தடுத்துவிட்டேன். அது கோபத்தில் செய்தது. கடிதம் எழுதுவதற்குக் காரணம் வேறு. வேலைகளை ஆள்வாரியாகப் பிரித்துக் கொடுக்க நாம் மூன்று வருடம் உட்கார்ந்து கட்டிய செயலியில் எந்தப் பதிவையும் திருத்தலாம், அழிக்கலாம். அந்த அதிகாரம் உள்ள ஒரே கணக்கு உங்களுடையது. உங்கள் பதில் காகிதத்தில் என் கைக்கு வந்துவிட்டால் அதை நீங்கள் திருத்த முடியாது.

கேட்க வேண்டியது ஒன்றுதான். ஜூன் 16, திங்கட்கிழமை. 'மூணாறு ஜீப் ஸ்டாண்ட், செவ்வாய் காலை எட்டு மணி, ஓட்டுநர்களுக்குச் செயலி கற்றுக்கொடுத்தல்.' அந்த வேலையை பூபதிராஜா பெயரில் போட்டது யார்?

முதலில் அது என் பெயரில் இருந்தது. அன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு நான் அதை விட்டுவிட்டேன். மறுநாள்வரை அது பொதுப் பலகையில் கிடக்கும், ஜீப்காரர்களிடம் வேறு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலமே பூபதிராஜா அண்ணன் வேலந்தாவளத்திலிருந்து பைக்கில் கிளம்பி வந்திருக்கிறார். மறையூர் தாண்டி, மழையும் மூடுபனியுமாக இருந்த ஒரு வளைவில் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை அவர் முன்னால் உட்கார வேண்டியவர்கள்தான் வடம் கட்டி அவரை மேலே தூக்கினார்கள். அவர்களில் என் அப்பாவும் ஒருவர். இத்தனை நாள் எதுவும் சொல்லாமல் இருந்தவர் போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று, "ஏட்டி, அந்தப் பையன் சட்டைப் பையில போனு அடிச்சிக்கிட்டே கெடந்துச்சு. டங் டங்குன்னு. யாராவது கூப்பிடுதாங்களோன்னு எடுத்துப் பாத்தேன். ஆளு இல்ல, வெறும் சத்தம்" என்றார். அது நம் செயலியின் சத்தம் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் ஜின்சன் முன்னால் "நீங்கதானே அனுப்புனீங்க?" என்று உங்களைக் கேட்டேன். "உணர்ச்சிவசப்பட்டுப் பேசாதே" என்றீர்கள். அது பதில் இல்லை. அன்று எழுந்து வந்தவள்தான். இப்போது ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு தேயிலைத்தூள் கடையில் நிற்கிறேன்.

பதில் எழுதுங்கள்.

தமிழ்ப்ரியா


பாலக்காடு
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ப்ரியா,

கடிதம் கிடைத்தது. கல்லூரியில் உன் விடைத்தாள்களைத் திருத்திய காலத்துக்குப் பிறகு உன் கையெழுத்தை இப்போதுதான் பார்க்கிறேன். மாறவில்லை.

உன் கேள்விக்குப் பதில். பதிவில் 'பெயரிட்டவர்' என்ற இடத்தில் என் பெயர் இல்லை, உன் பெயரும் இல்லை. 'முறை' என்று செயலியின் பெயர்தான் இருக்கிறது. ஒருவர் விட்ட வேலையைக் குறித்த நேரத்துக்குள் வேறு யாரும் எடுக்காவிட்டால், அந்த வாரத்தில் யாருக்கு வேலை குறைவோ அவர் பெயரில் செயலியே அதைப் போட்டுவிடும். நாம் நால்வரும் ஒப்புக்கொண்ட விதி இது, எழுதியவள் நீ. ஆகவே பூபதிராஜாவை யாரும் அனுப்பவில்லை. ஒரு குற்றவாளி கிடைத்தால் துக்கம் குறையும் என்று நீ நம்பலாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

இனி நான் கேட்க வேண்டியது. நம் அலுவலக வேலைகளையும் இதே செயலியில்தான் போட்டுவைத்திருக்கிறோம் என்பது உனக்குத் தெரியும். வியாழக்கிழமைதோறும் குடிதண்ணீர் கேன் மாற்றுவது, சனிக்கிழமை காலை தகவல்களைப் பிரதி எடுத்துவைப்பது, இரண்டும் பூபதிராஜாவின் முறை. ஜூலை மாதத்திலிருந்து அந்த இரண்டு வேலைகளும் அவர் பெயரில் 'முடிந்தது' என்று வருகின்றன. காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிகிறது. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது, புள்ளி அணைந்துவிடுகிறது.

முதல் தடவை பார்த்தபோது ஜின்சன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றான். இரண்டாம் வாரம் தைரியம் வந்து, "டீச்சரே, பேய்க்கு அட்டெண்டன்ஸ் உண்டு, ஜோலி இல்ல. கேன் காலியாத்தான் இருக்கு" என்றான். மூன்றாம் வாரத்திலிருந்து தனியாக அறையில் இருக்க மாட்டேன் என்கிறான். நான் வரும்வரை கீழே பேக்கரியில் உட்கார்ந்திருக்கிறான்.

பேய்களுக்குக் கடவுச்சொல் தெரியாது. பூபதிராஜா தன் கடவுச்சொல்லை உனக்குச் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். என்னைத் தண்டிக்க இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறாய் என்றால், தயவுசெய்து நிறுத்திக்கொள்.

கௌரி


மூணாறு
19 ஆகஸ்ட் 2025

டீச்சர்,

செத்துப்போனவர் பெயரில் நுழைந்து விளையாடுகிற ஆள் நான் என்று நினைத்திருக்கிறீர்கள். ஏழு வருடப் பழக்கத்தில் என்னைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். போகட்டும். என்னிடம் இப்போது இருப்பது பட்டன் போன். அதில் நம் செயலியைத் திறக்கவே முடியாது.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு தூக்கம் இல்லை. கூட்டம் வராத நேரத்தில் கடையின் பில் புத்தகத்துக்குப் பின்பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விதியை எழுதியவள் நான்தான். அதனால்தான் எனக்குத் தெரியும்: குறித்த நேரம் என்பது இருபத்துநாலு மணி நேரம். திங்கள் மதியம் பன்னிரண்டுக்கு நான் விட்டேன். செவ்வாய் மதியம் பன்னிரண்டுக்கு முன்னால் அது யார் பெயருக்கும் போயிருக்கக் கூடாது. அதற்குள் ஜீப் ஸ்டாண்ட் நிகழ்ச்சி நேரமே கடந்திருக்கும். பூபதிராஜா அண்ணன் திங்கள் சாயங்காலமே கிளம்பிவிட்டாரே, எப்படி?

நான் எழுதியதில் பிழை இருந்ததா? இருந்தால் சொல்லுங்கள். அந்தச் சில வரிகளை மனதுக்குள் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. தேயிலைத்தூளை நிறுக்கும்போதும் அதேதான் ஓடுகிறது.

நான் ஏன் அந்த வேலையை விட்டேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா பார்த்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னதிலிருந்து ஒரு வருடமாக எங்களுக்குள் சரியான பேச்சு இல்லை. அந்த ஸ்டாண்டில் இருபது ஜீப்காரர்களோடு அவரும் உட்கார்ந்திருக்க, நான் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். வெட்கமாக இருந்தது. 'முடியவில்லை' என்று ஒரு தட்டு தட்டிவிட்டு, காரணம் எழுத வேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். அவ்வளவுதான்.

'முறை' என்று பெயர் வைத்ததே அவர்தான், நினைவிருக்கிறதா? அவர் ஊர் வாய்க்கால் தண்ணீர் முறையிலிருந்து எடுத்த பெயர். மதகின் இரும்புச் சக்கரத்தைக் கல்லால் தட்டிப் பதிவுசெய்து, செயலியின் அழைப்புச் சத்தமாக வைத்தார். "டீச்சருங்க, இந்தச் சத்தம் கேட்டா எங்கூர்ல பொணம்கூட மம்பட்டியத் தூக்கிட்டு எந்திரிச்சு வருமுங்க" என்று சிரித்தார். நீங்கள்கூடச் சிரித்தீர்கள்.

இங்கே ஜீப் பழுது பார்க்கிற இடத்தில் இரும்பை இரும்பால் தட்டுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் என் கை பையைத் தேடுகிறது.

ப்ரியா


பாலக்காடு
7 செப்டம்பர் 2025

அன்புள்ள ப்ரியா,

பதில் தாமதம். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

முதலில், உன்மீது சந்தேகப்பட்டது தவறு. மன்னித்துக்கொள்.

போன ஞாயிறு வேலந்தாவளத்துக்குப் பேருந்தில் போனேன். அங்கிருந்து ஆட்டோவில் பூபதிராஜாவின் வீடு. காரியத்துக்குப் பிறகு இப்போதுதான் போகிறேன். அவர் அம்மா ராமாத்தாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு, "வாங்க சாமி, வெயில்ல வந்திருக்கீங்க" என்று உள்ளே அழைத்தார். போலீஸ் நிலையத்தில் திருப்பிக் கொடுத்த போன் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மின்னூட்டத்தில் கிடந்தது. கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

நான் கேட்காமலே சொன்னார். "மாசாமாசம் காசு போட்டு வெச்சிருக்கறனுங்க. ஆராச்சும் கூப்பிட்டா, செத்துக் கெடக்குதுன்னு வரக் கூடாதில்லீங்களா. காத்தால டங்கு டங்குன்னு அடிக்குமுங்க. அடிச்சா பச்சையை அமுக்கிருவேன். பச்சையை அமுக்குனா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்னு அவன்தான் சொல்லிக் குடுத்தான்."

"எதுக்கும்மா அமுக்கறேள்? சத்தம் நிக்கறதுக்கா?" என்று கேட்டேன்.

"அதுக்கு இல்லீங்க. அவன் பேர்ல வேலை பாக்கி நிக்கப்படாது. நாலு பேரு பாக்கற பலகையின்னு சொல்லுவான்."

நான் போனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பழைய வேலைகள் எல்லாம் பச்சையாக இருந்தன. மூணாறு வேலை மட்டும் சிவப்பில் நின்றது. "அதையேன் அமுக்கல?" என்றேன்.

"அவன் அங்க போய்ச் சேரலீங்களே. நான் எப்படி முடிஞ்சுதுன்னு சொல்றது?"

அதன் பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. விலாசம் கேட்பதைப் போலக் கேட்டார். "ஏனுங்க, அன்னிக்கு அவனை ஆரு போகச் சொன்னது? சோத்துல கையை வெச்சவன் பாதில எந்திரிச்சுப் போனான். செக்போஸ்ட் அடைக்கறதுக்குள்ள காட்டைத் தாண்டோணும்னு போனான். ஆரு சொன்னாங்கன்னு கேட்டேன். 'முறை வந்திருச்சும்மா'ன்னான். அது ஆருங்க?"

பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ப்ரியா, உன் கணக்கு சரி. நீ எழுதியதில் பிழை இல்லை.

ஜூன் முதல் வாரம் முதலமடையில் மாந்தோப்புக்காரர்களோடு பருவ முடிவுக் கூட்டம் நடந்தது. பறிப்பு வேலையை ஒருவர் விட்டால் அது அடுத்தவர் பெயருக்குப் போக ஒரு நாள் ஆகிறது, அதற்குள் காய் பழுத்துவிடுகிறது என்று புகார் சொன்னார்கள். நியாயமான புகார். எதையும் வெளியே கொடுப்பதற்கு முன்னால் நம் பலகையில் வைத்துப் பார்ப்பது நம் வழக்கம். 16ஆம் தேதி காலை பதினொரு மணிக்கு அந்த இருபத்துநாலை நான்காக மாற்றினேன். நம் பலகையில் மட்டும். உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் கவனமாக இருப்பீர்கள், சோதனை பலிக்காது என்று நினைத்தேன். இருபது வருடம் மாணவர்களிடம் சொல்லாமல் தேர்வு வைத்துப் பழகிய புத்தி.

ஒரு மணி நேரம் கழித்து நீ அந்த வேலையை விட்டாய். நான்கு மணி நேரம் யாரும் எடுக்கவில்லை. நான்கு மணிக்கு அது அவர் பெயருக்குப் போனது. நான் அப்போது என் மேசையில்தான் இருந்தேன். பலகையில் பெயர் மாறியதைப் பார்த்தேன். விதி சரியாக வேலை செய்கிறது என்று குறித்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று. செவ்வாய்க்கிழமை செய்தி வந்தது. அவர் வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கணினியைத் திறந்து, நான்கை மறுபடியும் இருபத்துநாலாக மாற்றினேன். பிறகுதான் கிளம்பினேன்.

கௌரி


மூணாறு
15 செப்டம்பர் 2025

டீச்சர்,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றே படித்தேன். ஒரு வாடிக்கையாளர் ஏலக்காய் டீத்தூள் கேட்டு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்.

முதலில் கோபம் வரவில்லை. நிம்மதி வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் எழுதிய விதியில் தவறு இல்லை என்ற நிம்மதி. அது அரை மணி நேரம்கூட நிற்கவில்லை.

நீங்கள் மாற்றியது ஒரு எண். ஆனால் ஜூனில் என் முகத்தைப் பார்த்து மழுப்பினீர்கள், பிறகு கடிதத்தில் 'யாரும் அனுப்பவில்லை' என்று எழுதினீர்கள். எழுதும்போதே அது பொய் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. திருப்பி வைத்தீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிணம் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் உங்களுக்கு அது தோன்றியிருக்கிறது.

என் மன்னிப்பு உங்களுக்கு எதற்கு? கேட்டது நான் மட்டும் இல்லை. அந்த அம்மாவும் கேட்டார். எனக்குக் கடிதம் எழுதுவது உங்களுக்குச் சுலபம். அங்கே போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

என் பங்குக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதுவரை எழுதவில்லை. அன்று நாலே கால் மணிக்கு பூபதிராஜா அண்ணன் எனக்கு இரண்டு தடவை போன் செய்தார். திரையில் பெயரைப் பார்த்தேன். ஏன் விட்டாய் என்று கேட்பார், அப்பா கதையைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று எடுக்கவில்லை. எடுத்திருந்தால், "போக வேண்டாம் அண்ணா, நான் ஜீப்காரர்களிடம் பேசிக்கொள்கிறேன்" என்று ஒரு வாக்கியம்தான் சொல்லியிருப்பேன். இரண்டாவது தடவை முழுவதும் அடித்து ஓய்ந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ப்ரியா


பாலக்காடு
28 செப்டம்பர் 2025

அன்புள்ள ப்ரியா,

நேற்றுப் போய் வந்தேன்.

பேருந்தில் போகும்போது என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். விதி, நேரம், சோதனை என்று. அவர் முன்னால் உட்கார்ந்ததும் அந்த வரிசை உதவவில்லை. "அவனைப் போகச் சொன்னது நான்தான்" என்றேன். பிறகு மெதுவாக விளக்கினேன். பேசாமல் இருப்பவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்கள் என்று செயலி எடுத்துக்கொள்ளும், அதற்கு ஒரு நாள் அவகாசம் இருந்தது, நான் அதை நாலு மணி நேரமாகக் குறைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

ராமாத்தாள் கடைசிவரை கேட்டார். "நாலு மணி நேரமுங்களா" என்றார்.

காப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்: "எங்கூர்ல தண்ணி முறைக்கு ஆளு வல்லீன்னா, மதகத் திருப்பி அடுத்தவன் வயலுக்கு உடறதுக்கு முன்னால ஒரு ஆளை ஊட்டுக்கு அனுப்பிக் கூப்புடுவாங்கொ. காச்சல்ல கெடக்கறானா, ஊட்டுல எழவு விழுந்துதான்னு பாக்கோணுமில்லீங்களா. உங்குளுதுல கூப்புட மாட்டீங்களா?"

கூப்பிடும் படி ஒன்று இருந்தது, ப்ரியா. முதல் வருடம் பூபதிராஜா வெள்ளைப் பலகையில் வரைந்த படத்தில் அது இருந்தது. வேலையை விட்டவருக்கும் புதிதாகப் பெறுபவருக்கும் ஒரு மனிதர் போன் செய்ய வேண்டும், அதன் பிறகுதான் பெயர் மாற வேண்டும் என்று எழுதியிருந்தார். ஒவ்வொரு தடவையும் ஆள் பேச வேண்டுமென்றால் செயலி எதற்கு என்று கேட்டு, அந்தக் கட்டத்தை நான்தான் துணியால் அழித்தேன். அவர் வாதாடவில்லை. "சரிங்க டீச்சர்" என்றார். அன்று நீ ஏன் விட்டாய் என்று தெரியாமல் உன்னை இரண்டு தடவை கூப்பிட்டாரே, அது அந்தக் கட்டம்தான் என்று இப்போது நினைக்கிறேன். நான் அழித்ததை அவர் தன் கையால் செய்து பார்த்திருக்கிறார்.

உன்னை வருத்துவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் மறைத்தால் மறுபடியும் பழைய கதைதான்.

அவர் என்னைத் திட்டவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "காப்பி ஆறுதுங்க, குடிச்சிருங்க" என்றார். குடித்தேன். அந்த வீட்டில் காப்பி குடித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. குடிக்காமல் வைத்திருந்தாலும் சரியாக இருந்திருக்காது.

கிளம்பும்போது, காலையில் அந்தச் சத்தம் இனி வராமல் செய்துவிடட்டுமா என்று கேட்டேன். போனை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். "வேண்டாமுங்க. அது அடிக்கறப்பத்தான் அவன் வெடியால எந்திரிச்சுப் பல்லு வெளக்கற நேரம்னு இருக்குது" என்றார்.

அந்த விதியை நீக்கிவிட்டேன். முதலமடைக்காரர்களிடம் காரணத்தைச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார்கள், அடுத்த பருவத்துக்கு வேறு ஆட்களைப் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன். பூபதிராஜாவின் பெயரை நீக்கவில்லை. நீக்கப் போனால் 'இவருடைய வேலைகளை யாருக்கு மாற்ற வேண்டும்?' என்று செயலி கேட்கிறது. அந்த வாசகத்தை நீ எழுதினாயா, நான் எழுதினேனா என்று நினைவில்லை.

வியாழக்கிழமைகளில் நான் ஆறு மணிக்கே அலுவலகம் வந்துவிடுகிறேன். பேயை நம்புகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். பச்சைப் புள்ளி வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன். வந்த பிறகு எழுந்து போய் கேனை மாற்றுகிறேன்.

கௌரி


மூணாறு
9 அக்டோபர் 2025

டீச்சர்,

நான் திரும்பி வர மாட்டேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு எழுத முடியாமல் போகலாம்.

உங்கள் கடிதத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். ஒரு வருடத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது இதற்காகத்தான். முழுவதும் கேட்டுவிட்டு, "நீ அந்தம்மாகிட்டப் பேசுனியாட்டி?" என்றார். இல்லை என்றேன். "அவங்கள மட்டும் போகச் சொல்லிட்டு நீ இங்க உக்காந்திருக்க" என்றார்.

ஒரு வாரம் கழித்து நேற்றுத்தான் பேசினேன். என்னிடம் இருக்கும் எண் அந்த ஒன்றுதான், பூபதிராஜா அண்ணனின் எண். பட்டன் போனில் ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே ராமாத்தாள் அம்மா எடுத்துவிட்டார்.

யார் என்று சொன்னேன். அது என் வேலை, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன், அண்ணன் கூப்பிட்டபோது எடுக்கவில்லை, அவர் போனது என்னால்தான் என்று சொன்னேன். நடுவில் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. பின்னால் மாடு கத்தியது, யாரோ வாளியை நகர்த்தினார்கள். போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"அந்தம்மாவும் நான்தான்னு சொல்லுது, நீயும் நான்தான்னு சொல்ற" என்றார். "அவனை எத்தனை பேரு கண்ணு போகச் சொன்னீங்க?"

அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. போனில் இருந்த காசு தீரும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தோம்.

ப்ரியா